சென்ட், சதம், ஹண்ட்ரட்: ஒரு சொல்லின் ஆறாயிரம் ஆண்டுகள்

எங்கள் பக்கத்தில் வீட்டு மனையைச் சென்ட்டில் சொல்வார்கள். பட்டாவை எடுத்துப் பார்த்தால் அதே நிலம் ஹெக்டேரில் இருக்கும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டால் கணக்கில் வாங்குவார்கள். ஈரப்பதம் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். ஒரு விவசாயி ஒரே நாளில் இந்த நான்கு சொற்களையும் சொல்லிவிடுவார். சென்ட், ஹெக்டேர், குவிண்டால், சதவீதம். நான்குக்குள்ளும் ஒரே சொல் ஒளிந்திருக்கிறது. அதன் பொருள் நூறு.

சென்ட் என்பது ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. லத்தீனில் நூறுக்குப் பெயர் 'கெந்தும்', அதிலிருந்து வந்தது. ஹெக்டேர் என்பது நூறு 'ஆர்'. கிரேக்கத்தில் நூறு 'ஹெகதோன்'. 1795-இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ரிக் அளவுகளுக்குப் பெயர் வைத்தபோது அதைச் சுருக்கி 'ஹெக்டோ' ஆக்கினார்கள். குவிண்டாலின் கதைதான் நீளம். லத்தீனில் நூறு கொண்ட எடைக்கு ஒரு பெயர் இருந்தது. அது கிரேக்கர் வாய்க்குப் போய், அங்கிருந்து அரபிக்குப் போய் 'கிந்தார்' ஆனது. அரபு வணிகர்களிடமிருந்து திரும்ப ஐரோப்பாவுக்கு வந்து 'குவிண்டால்' என்று நின்றது. சதவீதத்தில் உள்ள 'சத' வடமொழி. சதாவதானி என்று செய்குத்தம்பிப் பாவலரைச் சொல்கிறோமே, அதிலும் இதே சதம்தான். ராசராச சோழனின் பிறந்த நட்சத்திரமான சதயம், 'நூறு மருத்துவர்' என்று பொருள்படும் சதபிஷக் என்ற பெயரின் தமிழ் வடிவம்.

சரி, சதமும் சதயமும் உறவு என்றால் நம்பலாம். 'கெந்தும்', 'ஹெகதோன்', 'சதம்', அப்புறம் ஆங்கில 'ஹண்ட்ரட்' எல்லாம் ஒரே சொல் என்றால் எப்படி நம்புவது? ஓர் எழுத்துகூட ஒத்துவரவில்லையே! இந்தச் சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்த்துக்கொள்ளும் வழியில்தான் மொழி வரலாறு என்ற துறையே வளர்ந்தது.

முதலில் பின்னணியைக் கொஞ்சம் பார்ப்போம். 1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் நீதிபதி ஓர் உரை நிகழ்த்தினார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் தற்செயலாக ஒத்திருக்கவில்லை, ஏதோ ஒரு பொது மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும், அந்த மூலம் இன்று இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். அந்தக் குடும்பத்தை இன்று இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்கிறோம். இந்தி, வங்காளம், சிங்களம், பாரசீகம், ரஷ்யன், ஆங்கிலம், ஸ்பானிஷ் எல்லாம் அதற்குள் வரும். தமிழ் வராது. நம்முடையது திராவிடக் குடும்பம். நம் 'நூறு' மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் 'நூறு' என்றே இருக்கிறது. நாம் பார்க்கப்போகும் சொல்லோடு அதற்கு உறவில்லை.

இந்தோ-ஐரோப்பிய மூல மொழியைப் பேசியவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்குச் சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளில் இருந்தார்கள் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. அவர்கள் நூறை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பதைப் பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் ஏறக்குறைய 'க்ம்தோம்' என்று எழுதலாம். இந்தச் சொல்லை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்வோம்: தலையில் 'க்', நடுவில் 'ம்', அப்புறம் 'தோம்'.

தலையிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் 'க', வடமொழியில் 'ச'. இந்த இடத்தில் தமிழருக்கு ஓர் அனுகூலம் உண்டு. நம் வீட்டிலேயே இதே மாற்றம் நடந்திருக்கிறது. நமக்குச் 'செவி' என்றால் கன்னடர்களுக்குக் 'கிவி'. நமக்குச் 'சிறு' என்றால் அவர்களுக்குக் 'கிறு'. சிவப்பைக் குறிக்கும் நம் 'செம்' அங்கே 'கெம்'. பரதநாட்டிய நகையில் சிவப்புக் கல்லைக் 'கெம்பு' என்கிறோமே, அது கன்னடத்திலிருந்து வந்த பெயர்தான். பழைய 'க' ஒலியைக் கன்னடம் காப்பாற்றியது; தமிழில் அது இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் நாக்கு முன்னே நழுவி 'ச' ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாக வாய் அப்படிப் பழகியது.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலும் நடந்தது ஏறக்குறைய இதுவே. மூலச் சொல்லின் தலையில் இருந்தது, நாக்கை மேலண்ணத்தின் முன்பக்கமாக வைத்துச் சொல்லும் ஒரு வகைக் 'க்'. லத்தீன், கிரேக்கம், வேல்ஸ், ஐரிஷ் போன்றவற்றில் அது சாதாரணக் 'க' ஆகத் தங்கிவிட்டது: கெந்தும், ஹெகதோன், வேல்ஸ் மொழியில் 'கான்ட்'. இந்திய, ஈரானிய, பால்டிக், ஸ்லாவிக் மொழிகளில் அது நழுவி ச, ஷ, ஸ ஆனது: வடமொழியில் சதம், பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் 'ஸதெம்', பாரசீகத்தில் 'ஸத்', லிதுவேனியனில் 'ஷிம்தஸ்', ரஷ்யனில் 'ஸ்தோ'. இந்தியின் 'ஸௌ', வங்காளத்தின் 'ஷோ', சிங்களத்தின் 'சியய' எல்லாம் சதத்தின் பேரப்பிள்ளைகள். நடுவிலிருந்த 'த' பிராகிருதக் காலத்திலேயே தேயத் தொடங்கிவிட்டது.

ஒரு சொல் மட்டும் இப்படி ஒத்துப்போனால் அது எதையும் நிரூபிக்காது. அதே 'க'வும் 'ச'வும் வேறு சொற்களிலும் அதே இடத்தில் எதிரெதிரே வந்து நிற்க வேண்டும். நிற்கின்றன. நாய்க்கு வடமொழியில் 'சுவன்'. நம் 'சுவானம்' அங்கிருந்து வந்தது. லிதுவேனியனில் 'ஷுவோ'. அந்தப் பக்கம் கிரேக்கத்தில் 'கியோன்', லத்தீனில் 'கானிஸ்'. பத்துக்கு வடமொழியில் 'தச', லிதுவேனியனில் 'தெஷிம்த்'. கிரேக்கத்தில் 'தெக', லத்தீனில் 'தெகெம்'. எட்டுக்கு இந்தப் பக்கம் 'அஷ்ட', அந்தப் பக்கம் 'ஓக்தோ'. அக்டோபரில் இருப்பது அந்த ஓக்தோதான். ரோமர்களின் பழைய நாட்காட்டியில் அது எட்டாவது மாதம். மொழியியலாளர்கள் உறவை முடிவு செய்வது இந்த ஒழுங்கை வைத்து. சொற்கள் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எட்டும் ஆங்கில 'எய்ட்'டும் ஒரே சொல் என்று அடிக்கடி பகிரப்படும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். கேட்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் எழுத்துக் கோப்பில் இன்றும் ஒலிக்காத இரண்டு எழுத்துகள் நடுவில் நிற்கின்றன. அங்கே ஒரு காலத்தில் 'ஹ' போன்ற ஒலி இருந்தது. ஜெர்மனில் 'ஆஹ்ட்', அதற்கும் பின்னால் மூல மொழியில் 'ஓக்தோ' போன்ற வடிவம். நம் எட்டைப் பின்னோக்கி நடத்தினால் எண்பது, எண்ணூறு, எண்திசை என்று 'எண்' வந்து நிற்கும். ஓக்தோவுக்கும் எண்ணுக்கும் என்ன உறவு? இன்றைய தோற்றம் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். ஒத்து ஒலிக்கும் எட்டும் எய்ட்டும் உறவில்லை. ஒட்டவே ஒட்டாத சதமும் ஹண்ட்ரடும் இரட்டைப் பிள்ளைகள்.

ஹண்ட்ரட் எப்படி இங்கே வந்து சேர்ந்தது? ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளில் பழைய வல்லெழுத்துகள் எல்லாமே ஒரு படி இடம் மாறின. 'ப' இருந்த இடத்தில் 'ஃப', 'த' இருந்த இடத்தில் பல்லிடை ஒலி (ஆங்கிலத்தில் th என்று எழுதுவது), 'க' இருந்த இடத்தில் 'ஹ'. நமக்குத் தெரிந்த வடமொழிச் சொற்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம்: பாதம் — ஃபுட், பிதா — ஃபாதர், திரி — த்ரீ. மெல்லிய 'த' வல்லினமாகவும் மாறியது: தச — டென், துவி — டூ. டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்மஸ் ராஸ்க் 1818-இல் இதைக் காட்டினார். ஜேக்கப் கிரிம் 1822-இல் விதியாக ஒழுங்குபடுத்தினார். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். இந்த விதிப்படி லத்தீன் 'கானிஸ்' ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்'. கொம்புக்கு லத்தீனில் 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. நூறுக்குக் 'கெந்தும்' என்றால் இங்கே 'ஹுந்த்' வர வேண்டும். காத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில், நான்காம் நூற்றாண்டில் மொழிபெயர்க்கப்பட்ட விவிலியத்தில், அப்படியே வருகிறது.

தலை முடிந்தது. நடுவில் இருக்கும் 'ம்'மைப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. லத்தீனில் 'எந்', வடமொழியிலும் கிரேக்கத்திலும் வெறும் 'அ', ஜெர்மானியத்தில் 'உந்', லிதுவேனியனில் 'இம்', வேல்ஸில் 'ஆன்'. ஒரே இடத்தில் இத்தனை உயிர்கள் எப்படி வந்தன? மூலத்தில் அந்த இடத்தில் உயிரே இல்லை என்பதுதான் விடை. 'ம்' என்ற மெய்யே உயிரின் வேலையைச் செய்தது. உயிரில்லாமல் ஓர் அசையா என்று கேட்கத் தோன்றும். பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டுகிறோமே, அந்த 'ம்'மை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உயிரெழுத்து கிடையாது. ஆனாலும் தனியாக நிற்கும், இழுத்தும் சொல்லலாம். 1876-இல் கார்ல் புரூக்மன் என்ற ஜெர்மானியர் மூல மொழியில் இப்படிப்பட்ட மூக்கொலிகள் இருந்தன என்று வாதிட்டார். இதைச் சொல்லக் கடினமாக இருந்ததால் ஒவ்வொரு கிளையும் தனக்கு வசதியான ஓர் உயிரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. வடமொழியும் கிரேக்கமும் மூக்கொலியையே விட்டுவிட்டு 'அ'வை மட்டும் வைத்துக்கொண்டன. லத்தீனில் 'ம்' அடுத்து வரும் 'த'வுக்கு இசைந்து 'ந்' ஆனது. 'ம்'மை ம்மாகவே இன்றுவரை வைத்திருக்கும் மொழி லிதுவேனியன். வில்னியஸ் நகரக் கடையில் நூறு என்று சொல்பவர் அந்தப் பழைய 'ம்'மை உச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

கிரேக்க 'ஹெகதோன்' முன்னால் ஒரு 'ஹெ' கூடுதலாக இருக்கிறதே என்று கவனித்திருப்பீர்கள். அது 'ஒரு'. நாம் 'ஒரு நூறு' என்பதைப் போல அவர்கள் சேர்த்துச் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது.

கடைசித் துண்டில் ஒரு சிக்கல் இருந்தது. கிரிம் விதிப்படி 'த' ஆங்கிலத்தில் பல்லிடை ஒலியாக வேண்டும், திரி த்ரீ ஆனதைப் போல. ஆனால் ஹண்ட்ரடில் வருவது மெல்லிய 'ட'. விதி இந்த இடத்தில் தவறியது ஏன்? டென்மார்க்கின் கார்ல் வெர்னர் 1870-களில் விடை கண்டுபிடித்தார்; 1877-இல் அது அச்சில் வந்தது. திறவுகோல் வேத மொழியில் இருந்தது. வேதம் ஓதுபவர்கள் எந்த அசையில் குரலை உயர்த்த வேண்டும் என்பதைத் துல்லியமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 'சதம்' என்ற சொல்லில் உயர்வு கடைசி அசையில் வரும். கிரேக்க 'ஹெகதோன்'னிலும் அப்படியே. உயர்வு முந்தின அசையில் இருந்தால் பழைய 'த' பல்லிடை ஒலியாகிறது, அப்படி இல்லாவிட்டால் இன்னும் மெலிகிறது என்று வெர்னர் காட்டினார். ஜெர்மானியப் பேச்சில் அந்தக் குரல் ஏற்ற இறக்கம் எப்போதோ மறைந்துவிட்டது. அதன் தடம் மட்டும் ஹண்ட்ரடின் 'ட'வில் நிற்கிறது. சிந்து, கங்கைக் கரைகளில் வாய்வழியாகக் காக்கப்பட்ட ஓசை, ஆங்கில எண்ணுப்பெயரின் புதிரை அவிழ்த்தது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்பதற்கும் தடயம் உண்டு. லிதுவேனியனில் பத்து 'தெஷிம்த்', நூறு 'ஷிம்தஸ்'. பத்துக்குள்ளேயே நூறு தெரிகிறதா? வடமொழியில் 'தச' - 'சத', லத்தீனில் 'தெகெம்' - 'கெந்தும்', காத்திக்கில் 'தெஹுன்' - 'ஹுந்த்'. நூறு என்ற சொல் பத்து என்ற சொல்லிலிருந்து 'பத்துகளின் பத்து' என்ற பொருளில் உருவானது. தலையில் இருந்த 'த்' காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது என்று கருதுகிறார்கள். ஆக தசராவும் சதவீதமும்கூட உறவுதான்.

நூறுக்கான சொல்லை வைத்தே குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. 1890-இல் பீட்டர் ஃபான் பிராட்கே 'கெந்தும் மொழிகள்', 'ஸதெம் மொழிகள்' என்று பெயர் வைத்தார். கெந்தும் மொழிகள் மேற்கே, ஸதெம் மொழிகள் கிழக்கே. மூல மொழி முதலில் இந்த இரண்டாகத்தான் உடைந்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். வரைபடத்தில் பார்க்க அழகாகவே இருந்தது.

அப்புறம் தாரிம் படுகையிலிருந்து சுவடிகள் வந்தன. இன்றைய மேற்குச் சீனத்தில், பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் கூச்சா, துர்பான் பகுதிகளில் பிராமி வகை எழுத்தில் எழுதப்பட்ட பௌத்த நூல்கள் கிடைத்தன. எழுத்தைப் படிக்க முடிந்தது, மொழி புதிதாக இருந்தது. 1908-இல் எமில் ஸீக், வில்ஹெல்ம் ஸீக்லிங் இருவரும் அது இந்தோ-ஐரோப்பிய மொழியே என்று காட்டினார்கள். இன்று அதைத் தொக்காரியன் என்கிறோம். அதில் நூறு 'கந்தெ'. ஈரானுக்கும் அப்பால், கிழக்கே வெகு தொலைவில், 'க' நிற்கிறது! கிழக்கு, மேற்கு என்ற பிரிவினை அத்தோடு போயிற்று. 'க' பழையது, அது எங்கும் மிஞ்சலாம். 'ச' ஆனது நடுவில் இருந்த சில மொழிகள் சேர்ந்து கண்ட புதுமை என்பதே இன்றைய புரிதல். கெந்தும், ஸதெம் என்ற பெயர்கள் வசதிக்காகத் தொடர்கின்றன.

பிரெஞ்சில் நூறு 'ஸான்'. அப்படியானால் பிரெஞ்சு ஸதெம் மொழியா? இல்லை. ரோமர்கள் 'கெந்தும்' என்றார்கள். பல நூற்றாண்டு கழித்து, செவி-கிவி கதையைப் போல 'எ'வுக்கு முன்னால் 'க' நழுவியது. இத்தாலியனில் 'ச்சென்தோ', ஸ்பானிஷில் 'சியென்', பிரெஞ்சில் 'ஸான்'. சார்டினியத் தீவில் மட்டும் இன்றும் 'கெந்து' என்கிறார்கள். நம் 'சென்ட்'டின் 'செ' பிரெஞ்சு வழி வந்தது. அது 'சதம்'மின் 'ச'வோடு ஒத்திருப்பது மறுபடியும் ஒரு தற்செயல்: இரண்டும் ஒரே 'க'விலிருந்து வந்தவை, ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியில் தனித்தனியாக நழுவியவை.

எண்ணுப்பெயர்கள் கடனும் வாங்கப்படும். ஃபின்னிஷ் மொழியில் நூறு 'ஸதா', ஹங்கேரியனில் 'ஸாஸ்'. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளே இல்லை. அவற்றின் முன்னோர் பழைய இந்தோ-ஈரானியரோடு பழகிய காலத்தில் எடுத்துக்கொண்ட சொல் அது. ஹங்கேரியன் ஆயிரத்தையும் ஈரானியத்திலிருந்தே வாங்கியது. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு: நூறு நம்முடைய சொல், ஆனால் 'ஆயிரம்' என்பது 'சகஸ்ர' என்ற சொல்லின் பிராகிருத வடிவத்திலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான மொழியியலாளர் கருத்து. கன்னடத்தின் 'சாவிர'வைப் பக்கத்தில் வைத்தால் இடைவழி தெரியும். லத்தீனின் நேர் வாரிசான ருமேனியன்கூட நூறுக்கு 'ஸுதெ' என்கிறது. அது ஸ்லாவிக் கடன் என்பார்கள்.

வடிவம் மட்டும் மாறவில்லை, கணக்கும் மாறியிருக்கிறது. ஹண்ட்ரட் என்பதில் 'ஹண்ட்' தான் நூறு. 'ரெட்' என்பது எண்ணிக்கை. ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் இதன் உடன்பிறப்பான 'ஹுந்த்ரத்' குறித்தது 120-ஐ. அவர்கள் பன்னிரண்டு பத்துகளை ஒரு கட்டாக எண்ணினார்கள். பிறகு 'பன்னிரண்டுக் கணக்கு நூறு', 'பத்துக் கணக்கு நூறு' என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலேயரின் 'ஹண்ட்ரட்வெயிட்' எடையும் நூறு பவுண்டு இல்லை, 112. இலங்கைத் தமிழர் உரத்தையும் வெங்காயத்தையும் 'அந்தர்' கணக்கில் சொல்வது அந்த ஹண்ட்ரட்வெயிட்டைத்தான்.

இலங்கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1872-இல் அங்கே ரூபாயை நூறாகப் பிரித்தார்கள். அந்தச் சில்லறைக்குத் தமிழில் பெயர் சதம். பழைய இருபத்தைந்து சதக் காசு யார் வீட்டிலாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் மூன்று எழுத்துகளில் மதிப்பு பொறித்திருக்கும்: சிங்களத்தில் 'சத', தமிழில் 'சதம்', ஆங்கிலத்தில் 'சென்ட்ஸ்'. கங்கைக் கரை வழியாக வந்த 'க்ம்தோம்' இரண்டு எழுத்திலும், ரோம் வழியாக வந்த 'க்ம்தோம்' ஓர் எழுத்திலும்.